தாலியம் சொன்ன பதினேழு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரோ கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் கௌரவம். இருபத்தாறு வருடமாக ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கதிரியக்கம் அளக்கும் அறையைக் கவனித்துவரும் நான், ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்க மறந்தேன். மறந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த மறதியில் பிறந்த விடையை, உலகத்தில் வேறு எவனும் பார்த்திராத கண்டுபிடிப்பு என்று நம்பி, முழுதாக ஒரு நாள், பரிசு வாங்கப் போனால் சுவீடன் நாட்டுக் குளிருக்கு எந்தக் கோட்டு சரிப்படும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பதே ஒரு கோட்டுதான். மச்சினன் கல்யாணத்துக்குத் தைத்தது. இப்போது அதற்குப் பொத்தான் போட வேண்டுமென்றால் நான் மூச்சு விடக் கூடாது.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சன்னல் கிடையாது. நடுவில் ஈயக் கட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு கூடு. அதற்குள்ளே, திரவ நைட்ரஜனில் குளிர்ந்துகொண்டு, ஜெர்மானியம் படிகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் எங்கள் டிடெக்டர். மண்ணோ கல்லோ மீன் பொடியோ எதைக் கொண்டுவந்து கூட்டுக்குள் வைத்தாலும், அதிலுள்ள கதிரியக்க அணுக்கள் சிதையும்போது காமாக் கதிர்களை வீசும். ஒவ்வொரு வகை அணுவுக்கும் தனக்கென்று ஒரு ஆற்றல் உண்டு. திரையில் அந்தந்த ஆற்றலுக்கு நேரே ஒரு கோடு முளைக்கும், பிறகு வளரும். எந்தக் கோடு என்று பார்த்தால் யார் என்று தெரியும். எவ்வளவு உயரம் என்று பார்த்தால் எத்தனை கதிர் வந்தது என்று தெரியும்.

ஆனால் எத்தனை கதிர் வந்தது என்பது விடை ஆகாது. எத்தனை அணு சிதைந்தது என்பதுதான் விடை. சிதைகிற எல்லா அணுவும் அந்தக் கதிரை வீசுவதில்லை. சில வகையில் நூற்றுக்கு ஐம்பது வீசும், சில வகையில் நூற்றுக்கு நான்குதான் வீசும். அது எத்தனை என்று உலகத்தில் யார் யாரோ பல வருடம் அளந்து, சரிபார்த்து, அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணைதான் எங்களுக்குப் பஞ்சாங்கம். அதைப் பார்க்காமல் நாங்கள் ஒரு காரியமும் தொடங்குவதில்லை. பார்த்தும் தப்பு செய்யலாம் என்பதற்கு நான் இருக்கிறேன்.

அறை என் பொறுப்பு என்றாலும், ஆராய்ச்சி டாக்டருடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, படிப்புக்காக இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை ‘அண்ணை’ என்பார். நான் அவரை ‘டாக்டர்’ என்பேன். நல்ல மனநிலையில் இருந்தால் ஆங்கிலம் பேசுவார். யாழ்ப்பாணம் வெளியே வந்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பல நாட்டு ஆய்வகங்களுக்கும் ஒரே பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்கள். அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அனுப்பியவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நாம் அளந்து, குறித்த நாளுக்குள் விடையை அனுப்ப வேண்டும். பரீட்சைதான், வேறொன்றுமில்லை. போன முறை நாங்கள் தவறினோம். காரணத்தை மறைக்க முடியாது: ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு டப்பாவுக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தேன். இந்த முறையும் தவறினால் டிடெக்டரை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். எனக்கென்ன, வேறு அறையில் வேறு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். டாக்டருக்கு அது பத்து வருட உழைப்பு. அந்தப் படிகம் போனால் அவருக்கு இங்கே அளக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதனால் இந்த முறை அதிகக் கவனமாக இருப்பது என்று தீர்மானித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஈயக் கூட்டின் பக்கவாட்டில், எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒட்டிவைத்த பழைய தாள் ஒன்று இருந்தது. தோரியம் குடும்பத்தின் முக்கியமான கோடுகளும், ஒவ்வொன்றுக்கும் நேரே நூற்றுக்கு எத்தனை என்ற எண்ணும். பல வருடமாக அதைப் பார்த்தே நான் கணக்குப் போட்டுவந்தேன். இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கணினியில் புத்தம்புது அட்டவணையை இறக்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். தாலியத்தின் கோட்டுக்கு அவர் பென்சிலில் முப்பது புள்ளி ஆறு என்று எழுதியிருந்தார். புதிய அட்டவணை எண்பத்தைந்து என்றது. தாலியத்தின் இன்னொரு கோட்டுக்கு அவர் முப்பத்தாறு. புதியதில் கிட்டத்தட்ட நூறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக இந்தத் தப்பு எண்ணை வைத்தா குப்பை கொட்டினோம்? தாளைக் கிழித்தேன். கணினியில் எண்களைத் திருத்தினேன். அன்று மதியம் கேன்டீனில் எனக்கு நானே ஒரு முட்டை கூடுதலாக வாங்கிக்கொண்டேன்.

பொடியை டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஒரு மாதம் வைத்திருந்தோம். தோரியம் என்பது ஒன்று சிதைந்து இன்னொன்றாகி, அது சிதைந்து வேறொன்றாகி, வரிசையாகப் போகிற குடும்பம். நடுவே ஒரு தலைமுறை மட்டும் வாயு. அது தப்பித்துப் போகக் கூடாது என்றுதான் மூடுவது. அந்த ஒரு மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஒன்று உட்காருங்கள், இல்லை கீழே போய் நடங்கள், மின்விசிறிக் காற்று எனக்கு உங்களைத் தாண்டி வர மாட்டேன் என்கிறது என்றாள். கீழே போய் எங்கள் அடுக்குமாடி பிளாக்கைச் சுற்றினேன். மூன்றாவது நாள், கேரம் விளையாடிக்கொண்டிருந்த பெரியவர்கள் எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவுகட்டி, பாகற்காய்ச் சாறு எப்போது குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு டப்பா கூட்டுக்குள் போனது. மூன்று நாள் எண்ணிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்தேன். முறைத்துப் பார்ப்பதால் எந்தக் கோடும் சீக்கிரம் வளர்ந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருந்தால் அது சோம்பேறியாகிவிடும் என்று ஒரு சந்தேகம்.

புதன்கிழமை காலை விடை வந்தது. குடும்பத்தின் முன்பாதியில் இருக்கும் ஆக்டினியம், கிலோவுக்கு நாற்பத்தெட்டு பெக்கரல் என்றது. அதாவது ஒரு கிலோ பொடியில் நொடிக்கு நாற்பத்தெட்டு சிதைவு. கடைசியில் இருக்கும் தாலியம் பதினேழு என்றது. மூடிய டப்பாவுக்குள் ஒரே குடும்பம், எல்லாரும் ஒரே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். தாலியத்தின் இரண்டு கோட்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் பதினேழு. இரண்டு சாட்சியும் ஒன்றுபோலச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? நடுவில், வாயுவுக்குப் பிந்திய தலைமுறையில், ஈயம் என்றொருவர் நாற்பத்தேழு என்று சொன்னார். அவர் கோடு பக்கத்துக் கோட்டோடு தோளை உரசிக்கொண்டு நிற்கிறது, அவரை நம்ப முடியாது என்று தள்ளிவிட்டேன். சுவீடனுக்குப் போடும் கோட்டு பற்றி யோசித்தது அன்றைக்குத்தான்.

வியாழன் காலை டாக்டர் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“டாக்டர், ஒரு நிமிஷம் உக்காருங்க. பெரிய விஷயம்.”

“நீங்க முதல்ல இருங்கோ அண்ணை. ஒரு மாசமா நீங்க நடக்கிறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது.”

உட்கார்ந்து சொன்னேன். இயற்கை விதியே இந்த டப்பாவில் கொஞ்சம் வளைந்திருக்கலாம் என்று நான் அடக்கமாகக் கோடிகாட்டியபோது அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஈயம் என்ன சொன்னது என்று கேட்டார். பக்கத்துக் கோட்டின் கதையைச் சொன்னேன். நான் அவ்வளவு அதிகாரமாகச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் என்னை நம்பிவிட்டார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இயற்கை ஒண்டும் வளையேல்ல. டப்பா ஒழுகுது. வாயு வெளியில போனா அதுக்குப் பிறகு வாறதெல்லாம் குறையும்தானே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “டப்பாவை மூடினது ஆர்?”

நான்தான். வேறு யார்? சுவீடனும் கோட்டும் அந்த இடத்திலேயே முடிந்தன.

மறுபடி மூடி இன்னொரு மாதம் காத்திருக்க நேரமில்லை. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் விடை போக வேண்டும். ஒழுகிய டப்பாவின் எண்ணை நல்ல எண் என்று எழுதி அனுப்ப டாக்டருக்கு மனம் வராது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எங்கள் மூடி ஒழுகியது, தோரியத்துக்கு எங்களால் விடை தர முடியவில்லை என்று கடிதம் எழுதுவது ஒன்றே வழி. கடிதம் போனால் தவறியதாகத்தான் கணக்கு. மதியம் அவர் மேசையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் இருந்தது. ஏசியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் மறுபடி நடந்தேன். கதவிலிருந்து கூடு, கூட்டிலிருந்து கதவு. அப்போது வெற்றுக் கூட்டை வைத்து ஓர் அளவீடு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படிகத்துக்கு அதிர்வு ஆகாது. ஒரு மணி வாக்கில் டாக்டர் திரையில் எதையோ சுட்டிக்காட்டி, இந்தக் கோடுகள் தடித்துக்கொண்டு வருகின்றன, உங்கள் நடை டிடெக்டருக்கே கேட்கிறது, வீட்டுக்குப் போங்கள், கடிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அறையைக் காப்பாற்ற என்னால் ஆன உதவி, அறையை விட்டுப் போவதுதான்.

போனேன். மனைவி தையல்காரரிடம் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கிவரலாம் என்று லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். நாளைக்கு வாங்க என்றார் தையல்காரர். அவர் ஒரு மாதமாக அதைத்தான் சொல்கிறார். தேக்கா சந்தைக்குள் போய், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ சொன்னேன். கிளாஸ் வந்ததும் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தேன். பஃப்பலோ ரோட்டில் பூக்கடை வரை நடந்தேன், திரும்பினேன், சிராங்கூன் ரோட்டைத் தாண்டினேன், எதற்குத் தாண்டினேன் என்று தெரியாமல் மறுபடி தாண்டினேன். வெயில் மண்டையில் அடித்தது. ஐந்து மணிக்கு அந்த அறை கைவிட்டுப் போகும். என் கையால் மூடிய டப்பா. மூடியை எத்தனை திருகு திருகினேன் என்று ரோட்டில் நின்று காற்றில் கையைச் சுழற்றிப் பார்த்தேன். எதிரே வந்த ஒருவர் டாக்சியை நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து விலகி வழிவிட்டார்.

வீட்டுக்கே போகலாம் என்று ரயில் நிலையத்துக்குள் இறங்கினேன். ஊதா ரயில் வழியிலிருந்து நீல ரயில் வழிக்கு மாறும் நடைபாதையின் முனையில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தமிழ்ப் பெண்மணி நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் டேப்லெட். நீலப் பக்கம் போகிறவர்களை மட்டும் நிறுத்தி, எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். பயணிகளைப் பற்றிய ஏதோ கணக்கெடுப்பு. நான் நீலப் பக்கம் போகிறவனில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எண்ணிக்கை நடக்கிற இடத்தில் என்னால் சும்மா தாண்டிப் போக முடியாது. அன்றைக்கு யாருடைய தப்பையாவது கண்டுபிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

“ஏங்க, இந்தப் பக்கம் வர்றவங்களை மட்டும் கேட்டா எப்படிங்க? அந்த ரயில்ல வந்து இறங்கற மொத்தக் கூட்டத்துக்கும் இது எப்படிக் கணக்காகும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருப்பார்.

“அதுக்கு, மேல வேற ஆள் நிக்குது லா அண்ணே. இறங்கறதுல நூத்துக்கு எத்தனை பேர் இந்தப் பக்கம் பிரியறாங்கன்னு அவங்க எண்ணறாங்க. நான் பிரிஞ்சு வந்தவங்களைத்தான் கேக்கறேன். ரெண்டையும் பெருக்கினாத்தானே மொத்தக் கணக்கு வரும்?”

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தோரியம் குடும்பத்திலும் கடைசிக்கு முன்னால் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. பிஸ்மத் என்ற அணு வந்து நிற்கும். நூறு பிஸ்மத்தில் அறுபத்து நான்கு வேறு வழியில் போய்விடும், முப்பத்தாறுதான் தாலியமாக மாறும். புதிய அட்டவணை சொன்ன எண்பத்தைந்து, நூறு தாலியத்துக்கு எண்பத்தைந்து. குடும்பத்தில் வந்த நூறு பேருக்கு அல்ல. முப்பத்தாறில் எண்பத்தைந்து சதவீதம் எவ்வளவு? முப்பது புள்ளி ஆறு. அந்தத் தாளை ஒட்டிய பெரியவர் முன்பே பெருக்கி, விடையை மட்டும் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறார். நான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டப்பா ஒழுகவில்லை. தாலியம் மூன்றில் ஒரு பங்காக இருப்பதுதான் முறை. பதினேழு என்று அது சரியாகவே சொன்னது, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. இரண்டு சாட்சியும் ஒன்றுபோலச் சொன்னதில் என்ன அதிசயம், இரண்டு பேரையும் கெடுத்தவன் நான் ஒருவன்தானே.

மணி மூன்று இருபது. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் போன் எப்போதும் மேசை இழுப்பறைக்குள் ஊமையாகக் கிடக்கும். கடிதம் அனுப்பாதீர்கள் என்று செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வரவில்லை. அந்தப் பெண்மணிக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

எதிர்த் திசை ரயிலில் ஏறி, ஹார்பர்ஃப்ரண்ட் வரை பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நான் நடந்தால் ரயில் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுபோல. ஒரு சீனப் பாட்டி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வட்ட வழி ரயிலுக்கு மாறினேன், பிறகு பஸ், பிறகு மேட்டில் ஓட்டம். ஓட்டம் என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம்.

அறைக்குள் நுழையும்போது நான்கு இருபத்தைந்து. டாக்டர் திரை முன்னால் இருந்தார். கடிதம் திறந்திருந்தது. கடைசி வரியில் எங்கள் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. ‘எங்கள்’ என்று எழுதியிருந்தார்.

“டப்பா ஒழுகல டாக்டர். நான்தான் ஒழுகியிருக்கேன். முப்பத்தாறால பெருக்கவே இல்ல.”

அவர் என் கணக்கைத் திறந்து, எண்பத்தைந்தைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் பெருக்கினார், வகுத்தார். நாற்பத்தேழரை. இன்னொரு கோட்டுக்கும் போட்டார். நாற்பத்தேழு புள்ளி ஏதோ. ஆக்டினியம் நாற்பத்தெட்டு, நான் மதிக்காமல் தள்ளிவிட்ட ஈயம் நாற்பத்தேழு. குடும்பமே ஒரே குரலில் பேசியது. என்னையும் தனியாக ஒருமுறை போடச் சொன்னார். போட்டேன். அதே விடை.

கடிதத்தை அழித்தார். படிவத்தில் தோரியத்துக்கான கட்டத்தில் எண்ணை எழுதினார், பிழை வரம்பை எழுதினார். எந்த அலகு என்று என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கிலோவுக்கு, என்று படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். நான்கு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினார். கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார். காலையில் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஆறிப்போன புட்டைக் கையால் உதிர்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

நைட்ரஜன் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். என்னால் அப்படி நிற்கவும் முடியவில்லை. கால் தானாகக் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. செய்த பாவத்துக்கு ஏதாவது வேலை செய்து ஈடுகட்டிவிட வேண்டும் என்று பரபரத்தது.

“டாக்டர், யுரேனியம் குடும்பத்துக்கு இன்னும் பழைய எண்ணுங்கதான் இருக்கு. இப்பவே உக்காந்து அதையும் புதுசா மாத்திடட்டுமா?”

அவர் புட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“ஒண்டையும் தொடாதேங்கோ.”